மோட்டாருக்குப் பொருத்திக் கொடுத்த ஸ்போட் லைட் குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் சிரம்பான் கிளையில் வாங்கிப் பொருத்திய துணை விளக்குகளால் ஏற்பட்ட விபத்து

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு வணக்கம்.

பகாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். தோட்டத்து எண்ணெய் ஆலையில் மின்சாரப் பகுதியில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் உங்கள் கிளையில் என் காப்சாய் மோட்டாருக்கு (சிறிய மோட்டார் சைக்கிள்) ஒரு ஜோடி ஸ்போட் லைட் வாங்கினேன். விளக்கு 228 வெள்ளி (ரிங்கிட்), பொருத்துக் கூலி 40 வெள்ளி, மொத்தம் 268 வெள்ளி. ரசீது நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

விளக்கு எரியவில்லை என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நன்றாகவே எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கண் கூசி, எங்கள் பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் அக்கா மோட்டாரோடு கால்வாயில் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எதிரே போனவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எதற்காக வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் ஊழியரிடமும் இதையேதான் சொன்னேன். காலை ஷிப்டுக்கு ஐந்து மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும். லயத்திலிருந்து ஆலைக்கு ஆறு கிலோமீட்டர் செம்மண் சாலை, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. இரண்டு பக்கமும் செம்பனை மட்டைகள் கவிந்திருப்பதால் நிலா வெளிச்சம்கூடத் தரையில் விழாது. ஆற்றோரப் பள்ளத்தில் விடியும் வரை பனி தங்கியிருக்கும். முந்தின நாள் லோரியிலிருந்து விழுந்த செம்பனைக் குலை சாலையில் கிடக்கும். உதிரிப் பழம் டயரில் நசுங்கி வழுக்கும். காட்டுப்பன்றி குட்டிகளோடு குறுக்கே ஓடும். என்னுடையது கார்புரேட்டர் வைத்த பழைய மோட்டார். முன் விளக்குக்கு மின்சாரம் எஞ்சின் சுற்றுவதிலிருந்து நேராக வருகிறது. வேகத்தைக் குறைத்தால் விளக்கும் மங்கும். பள்ளத்தில் மெதுவாக இறங்கும்போதுதான் தரை தெரிய வேண்டும், அப்போதுதான் தெரியாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு உங்கள் ஊழியர், "இத போட்டா பகல் மாதிரி இருக்கும் அண்ணே" என்றார். எதிரே ஆட்கள் வரும் சாலையா, பனி இறங்கும் இடமா, பின்னால் ஆள் ஏற்றுவீர்களா என்று எதுவும் கேட்கவில்லை. நானாகவே பொருத்திக்கொள்கிறேன் என்றேன். கடையில் பொருத்தினால்தான் உத்தரவாதம் என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

துணை விளக்கு என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பது இந்தச் சாமானை விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒளியைக் குறுக்கி வெகுதூரம் அடிக்கும் விளக்கு முன் விளக்கின் ஹை பீமோடு (தூர ஒளியோடு) சேர்ந்து எரிய வேண்டியது. எதிரே ஆள் வந்து லோ பீமுக்கு (தாழ்ந்த ஒளிக்கு) மாற்றினால் அதுவும் அணைய வேண்டும். பனி விளக்கு வேறு வகை. தாழ்வாகப் பொருத்தியிருக்கும், ஒளி அகலமாகத் தரையோடு பரவும், அதன் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். பனியில் உதவுவது அந்தத் தாழ்ந்த, தட்டையான ஒளிதான். மஞ்சளாக இருந்தாலே பனியைத் துளைத்துவிடும் என்று கடைகளில் சொல்வதை நம்பி வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர். வெள்ளையோ மஞ்சளோ, மேல்நோக்கி அடித்தால் பனி அதைத் திருப்பி நம் கண்ணிலேயே வீசும்.

மூன்றாவது வகை பிறர் நம்மைக் கவனிப்பதற்கு. 1992-இல் மோட்டார்காரர்கள் பகலிலும் முன் விளக்கை எரியவிட வேண்டும் என்று மலேசியாவில் சட்டம் வந்தது. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். "வெயில்ல எதுக்கு வெளக்கு?" என்று அப்பாவிடம் கேட்டேன். "நாம ரோட்டப் பாக்க இல்லடா, லோரிக்காரன் நம்மளப் பாக்க" என்றார். ஒற்றை விளக்கு தூரத்தில் ஒரு புள்ளி மாதிரிதான் தெரியும். எவ்வளவு தூரத்தில் வருகிறது, என்ன வேகம் என்று எதிரே வருபவரால் எளிதில் கணிக்க முடியாது. முன் விளக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் அடக்கமாக இரண்டு சின்ன விளக்கு இருந்தால் மூன்றும் முக்கோணமாகத் தெரியும். நெருங்க நெருங்க அந்த முக்கோணம் விரியும், கண்ணுக்குத் தூரம் பிடிபடும். துணை விளக்கு உயிரைக் காப்பது இப்படித்தான். நீங்கள் எனக்குக் கொடுத்தது இந்த மூன்றில் எதுவும் இல்லை. வட்டக் கண்ணாடிக்குள்ளிருந்து நாலாபக்கமும் சிதறும் வெள்ளை வெளிச்சம், அவ்வளவுதான்.

பொருத்திய முதல் வாரமே எதிரே வந்தவர்கள் ஹை பீம் அடித்துக் காட்டினார்கள். நான் லோ பீமுக்கு மாற்றினேன். முன் விளக்கு தணிந்தது, உங்கள் விளக்குகள் அப்படியே எரிந்தன. தனி ஸ்விட்சும் இல்லை. அன்றே கடைக்குப் போன் செய்தேன். "எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம், லீவு முடிஞ்சு வாங்க" என்றார்கள். இரண்டு வாரம் தள்ளிப் போனது. அதற்குள் நான் அந்தக் கம்பியை வெட்டி விட்டிருக்கலாம். உத்தரவாதம் போய்விடுமே என்று தொடாமல் இருந்தேன். அந்த 268 வெள்ளியை நினைத்துத் தயங்கியது என் தவறு. அதை அக்காவிடமும் சொல்லிவிட்டேன், உங்களிடமும் மறைக்கவில்லை.

விபத்து நடந்தது கோவில் வளைவில். அக்கா உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) நேரமாகிறதென்று வந்துகொண்டிருந்தார். வளைவு திரும்பியதும் என் வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. அவர் 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்திருப்பார். அந்த வேகத்தில் இரண்டு விநாடி கண் தெரியாமல் போனால் 22 மீட்டர் ஓடிவிடும். அங்கே சாலையின் அகலம் நான்கு மீட்டர்கூட இல்லை. நான் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடினேன். கால்வாய்த் தண்ணீரில் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு மிதந்துகொண்டிருந்தது. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாரு, தம்பியா? லோரி வருதுன்னு நெனச்சு ஒதுங்கினேன்பா. ரோடே தெரியல" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அன்று மாலையே மோட்டாரைத் தோட்டத்து மண்டபச் சுவருக்கு எதிரே 10 மீட்டர் தள்ளி நிறுத்தினேன். நான் ஏறி உட்கார்ந்து, தினமும் போவதுபோல் என் மனைவியையும் பின்னால் ஏற்றிக்கொண்டேன். மகன் நாடாவால் அளந்தான். விளக்கு தரையிலிருந்து 78 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. சுவரில் ஒளியின் நடுப்பகுதி 121 சென்டிமீட்டரில் விழுந்தது. 10 மீட்டருக்கு 43 சென்டிமீட்டர் ஏறுகிற ஒளி 15 மீட்டரில் 142 சென்டிமீட்டருக்குப் போய்விடும். காப்சாயில் உட்கார்ந்தவரின் கண் உயரம் கிட்டத்தட்ட அதுதான். பின்னால் ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும், விளக்கும் தூக்கும். உங்கள் கடையில் யாரும் உட்காராத வண்டியில், பக்க ஸ்டாண்டில் சாய்த்து வைத்தபடியே திருகி முடித்தார்கள். சுவரும் பார்க்கவில்லை, அளவும் பார்க்கவில்லை. பிறகு நானே ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒளியின் நடு 68 சென்டிமீட்டரில் விழும்படி இறக்கினேன். பத்து நிமிட வேலை. அப்படி வைத்தால் ஒளி 78 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும், யாருடைய கண்ணுக்கும் ஏறாது.

அதன்பிறகு முன் கவரைக் கழற்றிப் பார்த்தேன். சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே இல்லை. ஃபியூஸ் இல்லை. சாவியைத் திருகியதும் உயிர் வரும் பிரேக் விளக்குக் கம்பியைச் சீவி, அதில் உங்கள் கம்பியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். டேப் சூட்டில் இளகி, ஹேண்டில் திரும்பும் இடத்தில் கம்பியின் மேல்தோல் உரசிச் செம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அது வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டு ஷார்ட் ஆகியிருக்கும். வண்டியின் ஃபியூஸ் போனால் பிரேக் விளக்கும் ஹாரனும் சேர்ந்து போகும், அதுவும் எந்த இருட்டில் போகுமோ தெரியாது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேவுக்குத் தனிக் கம்பி, ரிலேவைத் தூண்ட ஹை பீம் கம்பி, இடையில் ஒரு ஸ்விட்ச். இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. இந்தச் சாமான்கள் பகாவ் டவுனிலேயே 30 வெள்ளிக்குள் கிடைத்தன. 40 வெள்ளி கூலி வாங்கிய இடத்தில் இதைச் செய்திருக்கக் கூடாதா?

பெட்டியில் ஒவ்வொரு விளக்கும் 60 வாட் என்று போட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்க வேண்டும். ஆலையின் மீட்டரை வைத்து அளந்தேன், 3 ஆம்பியரைச் சற்றுத் தாண்டியது. ஐபி67 என்றும் போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் இறங்கக் கூடாது. மழையில் இரண்டு முறை போனதற்கே இடது பக்க விளக்கின் கண்ணாடிக்குள் நீர் கோத்து நிற்கிறது, படம் இணைத்திருக்கிறேன். ஐ.நா. விதிப்படி சோதித்து அனுமதி பெற்ற விளக்கு என்றால், வட்டத்துக்குள் 'E' என்ற ஆங்கில எழுத்தும் அனுமதி கொடுத்த நாட்டின் எண்ணும் விளக்கிலேயே பதிந்திருக்கும். மலேசியாவின் எண் 52. உங்கள் பெட்டியில் வட்டமும் எழுத்தும் இருக்கின்றன, எண் இல்லை. விளக்கில் எதுவுமே இல்லை.

இவற்றையெல்லாம் படமெடுத்து உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, "வெளியில் கழற்றியதால் உத்தரவாதம் ரத்து" என்று ஒரு வரி வந்தது. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

268 வெள்ளியை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். விளக்குகள் இரண்டையும் கழற்றி அதே பெட்டியில் வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு ஆறு வாரம் மருத்துவ விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) மனு செய்திருக்கிறோம். அங்கே நாள் சம்பளத்தில் 80 விழுக்காடுதான் கிடைக்கும். மீதி 20 விழுக்காட்டில் பாதியை நான் கொடுக்கிறேன். மறுபாதியை உங்கள் நிறுவனம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். அவர் மோட்டாரின் முன் ஃபோர்க்கைச் சரிசெய்த செலவை நான் கட்டிவிட்டேன், அதைக் கேட்கவில்லை.

பணத்தைவிட முக்கியமாக இன்னொன்று கேட்கிறேன். இந்த விளக்கை என்னைப் போல் எத்தனை தோட்டத்து ஆட்களுக்குப் பொருத்திக் கொடுத்தீர்களோ, அவர்களையெல்லாம் திரும்ப அழையுங்கள். ரசீதில் எல்லாருடைய போன் எண்ணும் இருக்கிறது. சுவருக்கு எதிரே ஆளை உட்காரவைத்து ஒளியை இறக்கிக் கொடுங்கள். ரிலே, ஃபியூஸ், தனி ஸ்விட்ச் போட்டுக் கொடுங்கள். எந்த விளக்கு எதற்கு, எப்போது அணைக்க வேண்டும் என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஒரு தாள் அச்சடித்துப் பெட்டிக்குள் வையுங்கள். இப்போது பெட்டிக்குள் இருப்பது ஸ்க்ரூவும் ஒரு ஸ்டிக்கரும் மட்டுமே. சிவப்பும் நீலமுமாக மினுக்கும் மாடலையும் கடை வாசலில் மாட்டியிருக்கிறீர்கள். அந்த நிற விளக்குகள் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் உரியவை. அவற்றை விடலைப் பிள்ளைகளிடம் விற்பதை நிறுத்துங்கள்.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், வாங்குபவர் எதற்கென்று சொல்லி வாங்கினாரோ அதற்குப் பயன்பட வேண்டும், பெட்டியில் எழுதியிருப்பதற்கு ஒத்திருக்க வேண்டும். இந்த விளக்கு மூன்றிலும் தவறுகிறது. இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு செய்வேன். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. உடல் காயத்துக்கான இழப்பீட்டை அங்கே கேட்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் அக்காவின் பங்கை உங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன்.

அக்காவுக்குக் கட்டுப் பிரிக்கும் நாள் அடுத்த வியாழக்கிழமை. மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். அதற்கு முன் உங்கள் பதில் வந்தால் அவரிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் ரசீது நகலில் உள்ளன)

இணைப்பு: ரசீது நகல், கம்பி இணைப்பின் படங்கள், நீர் கோத்த விளக்கின் படம், சுவரில் அளந்த படம்.