மோப்தி ஊரைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற மாலி நாடுன்னாலே துப்பாக்கிச் சண்டை செய்தி மட்டும்தான் போடுறீங்க, மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு, அங்க மோப்தின்னு ஒரு ஊர் இருக்கு சார், நைஜர் ஆறும் பானி ஆறும் கூடுற எடம், தண்ணிக்கு நடுவுல தீவு தீவா இருந்த மேட்டை கரை போட்டு இணைச்சு எழும்புன ஊரு. மொதல்ல அது போசோ மீனவங்க கிராமம்தான். அப்புறம் மாடு மேய்க்கிற ஃபுலானி, கம்பு விளைவிக்கிற டோகோன், பம்பாரா, சோங்காய், துவாரெக்னு பல இனத்துக்காரங்களும் வந்து சேந்தாங்க. துறைமுகத்துல கருவாட்டு வாடைக்கு நடுவுல உப்புப் பாளம் அடுக்கி வச்சிருப்பாங்க, கல்லறைப் பலகை மாதிரி ஒவ்வொண்ணும் ஒரு ஆளு தூக்கத் திணறுற கனம், சஹாராவுல தாவ்தெனியில வெட்டி ஒட்டகத்துல திம்புக்டு வந்து அங்கேர்ந்து படகுல வந்தது அது. 1930-கள்ல ஆரம்பிச்சு கட்டுன மண் மசூதியும் இன்னும் நிக்குது.

எனக்குப் புடிச்சது என்னன்னா, போசோவும் டோகோனும் பாத்துக்கிட்டா ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணி திட்டிக்குவாங்க, கோவமே வராது, மாமன் மச்சான் கேலி மாதிரி. பஞ்சத்துல பசியோட கெடந்த டோகோனுக்கு போசோ ஒருத்தர் தன் தொடைச் சதையவே அறுத்துக் குடுத்தார்னு ஒரு கதை சொல்றாங்க, அதனால ரெண்டு பேருக்குள்ள கல்யாணம் பண்ண மாட்டாங்களாம், ரத்த சொந்தம் ஆயிட்டாங்கல்ல.

2012-க்கு அப்புறம் அந்தப் பக்கம் டோகோன், ஃபுலானிக்குள்ளயே வெட்டுக்குத்து, 2019-ல ஒகொசகு கிராமத்துல நூத்துக்கும் மேல சாவு. அதப் போட்டீங்க சரி, அதுக்கு முன்னாடி அவங்க எப்படி ஒண்ணா சந்தை நடத்துனாங்கன்னும் ஞாயிறு மலர்ல ஒரு பக்கம் ஒதுக்குங்க சார்.

உங்க ரொம்ப வருஷ வாசகன், திருச்சி