கம்பரையும் படிக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் சபை இதழுக்கு வரும் கவிதைகளைத் திருத்துகிறவன் நான். கிறிஸ்துமஸ் நெருங்கினால் போதும், தொழுவம், விண்மீன், மூன்று ஞானிகள் (மூன்று பேர் என்று பைபிளில் மத்தேயு எங்கே சொன்னார்?) என்று ஒரே அச்சில் வந்து குவியும். வசனத்தை மடக்கி மடக்கிப் போட்டால் கவிதை ஆகிவிடுமா என்ன?

வைணவராகப் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் கிறிஸ்தவரானார், ஆனால் கம்பரை விட்டுவிடவில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் ப்ராகிரஸ்’ கதையை எடுத்து, கம்பரைப் போல விருத்தத்தில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று காப்பியமே பாடினார், 1894இல் அது நூலாக வந்தது. அவருக்கு முன்பே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடி, குறத்தி குறிசொல்லும் குறவஞ்சி நாடகத்தை இயேசு பிறந்த பெத்லகேமுக்குக் கூட்டிப்போனார்.

எழுத வரும் பிள்ளைகளுக்குச் பைபிளின் சங்கீதப் புத்தகத்தோடு கம்பரின் சுந்தர காண்டத்தையும் சபைகள் கையில் கொடுக்கட்டும். பாவம் ஒன்றும் வந்துவிடாது.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை