கொலம்பஸிலிருந்து அப்பாவுக்கு

கொலம்பஸ், ஓஹையோ
22.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நான் வேலைக்குக் கிளம்பும்போது விடிந்திருப்பதில்லை, திரும்பும்போது இருட்டிவிடுகிறது. போன வாரம் போனில், "இன்னும் என்னம்மா படிப்பு?" என்று கேட்டீர்கள். அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஊரில் படித்த பார்ம்.டி. மருந்தியல் பட்டத்தை இங்கே ஏற்க வைக்கத் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அந்தச் சான்றிதழ் இருப்பதால் இப்போது ரெசிடென்சிக்கும், அதாவது சம்பளத்தோடு ஆஸ்பத்திரியில் எடுக்கும் மேற்பயிற்சிக்கும், விண்ணப்பிக்க முடிகிறது. நான் போட நினைப்பது இரண்டு வருஷப் பயிற்சி, கூடவே முதுகலைப் பட்டம். முதல் வருஷம் வார்டு, நோயாளிகள், மருந்து. இரண்டாம் வருஷம் ஆஸ்பத்திரி பார்மசியையே நடத்தக் கற்றுக்கொள்வது: கொள்முதல், பட்ஜெட், தட்டுப்பாடு வந்தால் யாருக்கு முதலில் கொடுப்பது, யாரை எந்த ஷிப்டில் போடுவது. இங்கே ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டியிலும் இது உண்டு, விஸ்கான்சினிலும் சேப்பல் ஹில்லிலும் உண்டு. சம்பளம் பார்மசிஸ்ட் வாங்குவதில் ஏறக்குறைய பாதிதான். இவரிடம் பேசிவிட்டேன், சமாளித்துக்கொள்ளலாம் என்கிறார்.

இந்த மாதம் நியூ ஆர்லியன்ஸில் நடந்த பார்மசிஸ்டுகள் மாநாட்டுக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு மேசை போட்டு ஆள் தேடுகிறார்கள், நம் ராஜகோபாலசுவாமி கோயில் திருவிழாக் கூட்டம்தான். ஜனவரி தொடக்கத்தில் விண்ணப்பம் போக வேண்டும். அப்புறம் நேர்காணல். அது முடிந்ததும் நாங்கள் பிடித்த இடங்களை வரிசைப்படுத்துவோம், அவர்கள் எங்களை வரிசைப்படுத்துவார்கள். இரண்டையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்த்து மார்ச்சில் முடிவு சொல்லும். எந்த இடம் வந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும், மறுக்க முடியாது.

"இது உனக்கு எதற்கு?" என்று ஒரு கடிதம் எழுதச் சொல்கிறார்கள். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் கஜா புயலைத்தான் எழுதினேன். கரண்ட் போன அன்றே தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பி ஐஸ் வாங்கி, நம் மருந்துக் கடை இன்சுலினைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்தீர்கள். உறைந்தால் கெட்டுவிடும் என்று ஐஸுக்கும் மருந்துக்கும் நடுவே செய்தித்தாளை மடித்து வைத்தீர்கள். கணக்கு நோட்டைப் புரட்டி, யார் யாருக்கு ஊசி தீர்ந்திருக்கும் என்று பார்த்து, மரம் விழுந்த ரோட்டில் டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டே போய்க் கொடுத்தீர்கள். எங்கள் வகுப்பில் மருந்தைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள் அப்பா, அந்த நோட்டைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அதை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ளத்தான் இந்த இரண்டு வருஷம்.

ஊருக்கு வருவது தள்ளிப்போகும். அதுதான் மனசை அறுக்கிறது. அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் உடனே தெரிய வேண்டும். கரண்ட் ஒன்பது நாள் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அம்மா பன்னிரண்டு என்கிறாள். நேர்காணலில் கேட்டால் தப்பாகச் சொல்லக் கூடாது. அந்த வருஷத்து நோட்டு பரணில் இருந்தால் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்