மழைக்கு முன்னால் ஒரு மைதானம் வேண்டும்

மதுரை மாவட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கிறேன். எட்டாவது படிக்கும் என் மகள் ரக்பி ஆடுகிறாள். முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவரைப் பிடித்துக் கீழே சாய்ப்பதும்தான் அந்த விளையாட்டு. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற தம்பிக்காகத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

தம்பி எங்கள் ஊர்தான். பள்ளியில் கபடி ஆடியவர். சென்னையில் கல்லூரிக்குப் போன இடத்தில் ரக்பி பழகி, மாநில அணி வரைக்கும் போனார். ஏழு வருடம் ஆடினார். தோள்பட்டை இரண்டு தடவை இறங்கியது. இரண்டாவது தடவை ஆபரேஷன். அத்தோடு ஆட்டம் முடிந்தது. ஆனால் விளையாட்டை அவர் விடவில்லை. உலக ரக்பி அமைப்பின் முதல் நிலைப் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். விடியுமுன்னே ஊர் மல்லிகையை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வறண்ட கண்மாய்க்குள் 22 பிள்ளைகளோடு நிற்கிறார். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை.

அந்தக் கண்மாய்தான் சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து, 58 கிராமக் கால்வாயிலும் வைகைத் தண்ணீர் வந்துவிட்டால் கண்மாய் நிறையும். நிறையத்தான் வேண்டும், நானும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் நிறைந்தால் மாசி வரைக்கும் பிள்ளைகளுக்கு ஓட இடமில்லை. போன வருடம் ஒரு பள்ளியில் மைதானம் கேட்டோம். "கையைக் காலை ஒடிக்கிற விளையாட்டு, எங்களுக்கு எதற்கு வம்பு" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து கேட்டுக்குப் பூட்டு.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் முதல் மாதம் தினமும் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் ஆளைப் பிடிப்பதே கிடையாது. இடுப்பின் இரண்டு பக்கமும் பழைய சேலைக் கிழிசல் தொங்கும். அதை உருவினால் பிடித்ததாகக் கணக்கு. பெரிய பிள்ளைகளுக்கும் முதலில் விழத்தான் கற்றுக்கொடுத்தார். முழங்காலில் நின்று விழுவது, அப்புறம் நடந்து விழுவது, அப்புறம் ஓடி விழுவது.

கபடியில் ரைடரின் காலைப் பிடிக்கப் பாயும்போது நம் பிள்ளைகள் தலையைப் பற்றி யோசிப்பதில்லை. ரக்பியில் தலைதான் முதல் பாடம். தோளுக்கு மேலே பிடித்தால் தவறு. பக்கவாட்டில் வந்து பிடிக்கிறவரின் தலை ஓடுகிறவருக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் போனால் முழங்கால் முகத்தில் இடிக்கும். இதற்குத் தம்பி ஒரு வழி வைத்திருக்கிறார். ஓடுகிற பிள்ளையின் டவுசர் பின்பக்கத்தில் கோலமாவைத் தடவிவிடுவார். பிடித்து எழுந்த பிள்ளையின் கன்னத்தில் வெள்ளை ஒட்டியிருந்தால் சரி. ஒட்டவில்லையென்றால் தலை முன்னால் போயிருக்கிறது, மறுபடி செய். என் மகள் கன்னத்தில் மாவு ஒட்ட நான்கு நாள் ஆனது.

ஒரு நாள் அவளுக்கு இன்னொரு பெண்ணின் தலை இடித்துவிட்டது. "ஒன்றுமில்லை மாஸ்டர்" என்று எழுந்து ஓடப் பார்த்தாள். அவர் விடவில்லை. தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுத்துவிட வேண்டும், அன்று திரும்ப இறக்கவே கூடாது என்பது விதி. வீடு வரைக்கும் கூடவே வந்து, இரவு எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் சரி என்று சொன்ன பிறகும் முதலில் ஓட மட்டும்தான் விட்டார். எந்த விளையாட்டிலும் என் பிள்ளையை இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்ட ஒருவரை நான் கண்டதில்லை.

பயிற்சி முடிந்து தண்ணீர் குடிக்கும் நேரத்தில் வைசாலே செரெவியின் கதையைச் சொல்வார். நம் சனங்கள் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன ஃபிஜித் தீவின் ஆட்டக்காரர். அதிக உயரமில்லை. அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ரக்பியில் 1997இலும் 2005இலும் ஃபிஜி உலகக் கோப்பை வென்றபோது அணியில் இருந்தவர். அப்புறம் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்து, 2005-06 உலகத் தொடரை ஃபிஜிக்கு வென்று தந்தார். 1924க்குப் பிறகு ரக்பி ஒலிம்பிக்ஸுக்குத் திரும்பிய 2016இல், இறுதி ஆட்டத்தில் ஃபிஜி பிரிட்டனை 43-7 என்று வென்றது. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். மொத்த ஜனத்தொகை பத்து லட்சம்கூட இல்லை என்று தம்பி சொல்லும்போது பிள்ளைகள் மதுரையை நினைத்துப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். 2025இல் முதன்முதலாக நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை அணி கோப்பை வாங்கியதிலிருந்து அவர்களுக்கு அந்தப் பேச்சுத்தான்.

நாங்கள் கேட்பது வாரத்தில் இரண்டு சாயங்காலம், ஐந்திலிருந்து ஆறரை வரை. பாதி ஃபுட்பால் மைதானம் போதும், கோல் கம்பம் நட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்து வாங்கித் தருகிறோம். முதலுதவிப் பெட்டி எங்களுடையது, கூட்டிப் பெருக்குவதும் நாங்கள்தான். உங்கள் பி.டி. ஆசிரியர் கூடவே நின்று பார்க்கட்டும். சரியில்லை என்று அவர் சொன்னால் அன்றைக்கே நிறுத்திக்கொள்கிறோம். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டாலும் தம்பி வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

முடிவெடுக்கும் முன் ஒரு தடவை வந்து பயிற்சியைப் பாருங்கள். கண்மாய் இப்போது காய்ந்து கிடக்கிறது. ஐப்பசி பிறக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து ஒரு தகப்பன்