உபின் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். தங்கராசு அண்ணனுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுபடி தேக்கா சந்தைக்குப் போய்க் கீரைக்காரரோடு பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் நாம் வழக்கமாகச் சைக்கிள் எடுப்போமே, அந்தச் சீனப் பெரியவர் கடையை மூடிவிட்டார். மூட்டுவலி. மகன் வந்து பொங்கோலில் இருக்கும் தன் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டானாம். பக்கத்துக் கடை அம்மாதான் சொன்னார். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை.

"அந்தத் தீவில் கொசுவைத் தவிர என்னடா இருக்கு?" என்று நீ கேட்டதை நான் மறக்கவில்லை. மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு சாங்கிக் கடைவீதி நாசி லெமாக் சோற்றுக்கு ஏங்குகிற ஆள் நீ. அந்தக் கடைவீதியிலிருந்து பம்போட் என்ற சின்ன மோட்டார் படகில் பத்துப் பதினைந்து நிமிடம் போனால் வரும் ஊரைப் பற்றி இப்படியா கேட்பது? பன்னிரண்டு பேர் சேரும்வரை படகு இன்றும் கிளம்புவதில்லை. அதில் ஒன்றும் மாறவில்லை.

எப்படிப்பட்ட இடம் அது, யோசித்துப் பார். சுமார் 10 சதுர கிலோமீட்டர். தெற்கே சாங்கி, வடக்கே ஒரு நீரிணையைத் தாண்டினால் ஜோகூர். நடுவில் தண்ணீருக்குள்தான் நாட்டின் எல்லைக்கோடு ஓடுகிறது. வடகரைப் பக்கம் போனால் கைப்பேசிக்கு 'மலேசியாவுக்கு நல்வரவு' என்று செய்தி வந்துவிடும். எதிரே பாசிர் கூடாங் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரியும். 1942 பிப்ரவரி 7 இரவு ஜப்பானியப் படை ஒன்று இந்த உபினில்தான் இறங்கியது. தாக்குதல் கிழக்கிலிருந்து வருகிறது என்று நம்பவைத்துவிட்டு, மறுநாள் இரவு வடமேற்கில் உள்ளே வந்தார்கள். எல்லையோரத்துச் சின்ன ஊருக்கு இப்படியும் ஒரு தலையெழுத்து.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது கல்தான். கிழக்கே பெட்ரா பிராங்காவில் ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கம் இருக்கிறதே, 2008இல் அனைத்துலக நீதிமன்றம் நமக்கென்று தீர்ப்புச் சொன்ன அதே பாறைத் திட்டு, அந்த விளக்கு உபின் கருங்கல்லால் கட்டியது. 1850இல் அடிக்கல் நாட்டினார்கள், 1851இல் விளக்கேற்றினார்கள். ஜான் டர்ன்புல் தாம்சன் என்ற நில அளவை அதிகாரி பொறுப்பில் இருந்தார். கல்லை உபினிலேயே அளவெடுத்து வெட்டிச் செதுக்கி, படகில் ஏற்றிக் கடல் நடுவே கொண்டுபோய் அடுக்கியிருக்கிறார்கள். அப்புறம் ஜோகூர்க் கடற்பாலம். 1919இல் தொடங்கி 1924இல் திறந்து வைத்தார்கள். புக்கிட் தீமா கல்லோடு உபின் கல்லையும் கொட்டித்தான் அதை எழுப்பினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோகூர் போக அந்தப் பாலத்தில் மணிக்கணக்கில் நிற்போமே, நம் வண்டிச் சக்கரத்துக்குக் கீழே உபின் இருக்கிறது! நாட்டின் கிழக்கு ஓரத்தில் நிற்பதும் அந்த ஊர்க் கல், வடக்கு வாசலைத் தாங்குவதும் அந்த ஊர்க் கல். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரோஜா காதைப் பொத்திக்கொள்கிறாள்.

இதில் நம் சனங்களின் பங்கும் உண்டு. 1825 முதல் சென்னை, வங்காள மாகாணங்களின் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். 1873இல்தான் அந்தச் சிறைக் குடியிருப்பை மூடினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது என்பது உனக்குத் தெரியும். உபின் கல்குவாரியிலும் அவர்கள் கல் உடைத்தார்கள். ஊரில் என்ன குற்றம் செய்தார்களோ, அல்லது செய்யவே இல்லையோ, கடல் தாண்டி வந்து இந்தத் தீவில் வெயிலில் நின்று சம்மட்டி அடித்தவர்கள். கல்குவாரிப் பள்ளம் இப்போது பச்சைத் தண்ணீர் நிறைந்த குளமாகிவிட்டது. மேலே கொக்குகள் கூடு கட்டுகின்றன. வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். என்னோடு வரும் பிள்ளைகளுக்கு அங்கே நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லாமல் நான் நகர்வதில்லை.

உன் அப்பா அங்கே கணக்குப்பிள்ளையாக இருந்த காலத்தில் தீவில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். சுமார் 2,000 பேர் என்கிறார்கள். கடைசிக் குவாரி 1999இல் மூடியது. 1952இல் தொடங்கிய பின் கியாங் பள்ளிக்கூடம் பிள்ளைகள் இல்லாமல் 1985இலேயே மூடிவிட்டது. இன்று தங்கியிருப்பவர்கள் முப்பது பேர் அளவில்தான். கம்பத்து (கிராமத்து) வீடுகளில் பலருக்கு இன்றும் கிணற்றுத் தண்ணீர்தான், மின்சாரத்துக்கு ஜெனரேட்டர். நிலம் அரசாங்கத்துடையது. இருப்பவர்கள் தற்காலிக உரிமக் கட்டணம் செலுத்திக் குடியிருக்கிறார்கள். விசாக தினத்தை ஒட்டி துவா பெக் கோங் கோயில் திருவிழாவுக்கு வெளியே போனவர்களெல்லாம் வந்து சேர்வார்கள், சீனக் கூத்து நடக்கும். அந்த நாட்களில் மட்டும் ஊர் ஊராக இருக்கும்.

இயற்கையைப் பொறுத்தவரை எனக்குக் குறையே இல்லை. தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா சதுப்புக் கரையைத் தூர்த்து நிலமாக்கப் போகிறோம் என்றபோது எத்தனை பேர் வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள்! 2001 டிசம்பரில் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். இன்றும் தண்ணீர் வற்றினால் நட்சத்திர மீன் காலடியில் கிடக்கும். நூறு வருஷத்துக்கு மேல் சிங்கப்பூரில் இல்லாமல் போயிருந்த இருவாச்சிப் பறவை 1994இல் உபினில்தான் மறுபடி கண்ணில் பட்டது. 1991இல் ஜோகூரிலிருந்து யானையே நீந்தி வந்தது. காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் ஏது கடப்பிதழ்?

என் கவலை மனிதர்களைப் பற்றியது. காட்டைக் காப்பாற்றத் தெரிந்த நமக்கு ஊரைக் காப்பாற்றத் தெரியுமா? கூரையை மாற்றலாம், பலகைச் சுவருக்குச் சாயம் அடிக்கலாம், அதைச் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் காலையில் எழுந்து வாசலைப் பெருக்க, மீனுக்கு வலை போட, வந்தவனிடம் "சாப்பிட்டாயா" என்று கேட்க அங்கேயே படுத்து எழுகிற ஆள் வேண்டாமா? இன்னும் இருபது வருஷத்தில் யார் இருப்பார்கள்? ஆசைப்படுகிற இளைஞர்கள் பத்துக் குடும்பங்களை அங்கே வாழவிட்டால் என்ன? கடை வைக்கட்டும், தோட்டம் போடட்டும், மிதவைப் பண்ணையில் மீன் வளர்க்கட்டும். பக்கத்து ஃபிளாட்டுப் பையன் ஒருவன் இப்போதே தயாராக இருக்கிறான். இதைத் தொகுதி உறுப்பினரைச் சந்திக்கும் நாளில் போய்ச் சொல்லத்தான் போகிறேன். நீ சிரிக்காதே.

உன்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். கிள்ளானில் இருக்கும் உன் அக்கா விடுமுறைக்கு அப்பாவோடு போய்த் தீவில் தங்கியதுண்டு என்று ஒரு தடவை சொன்னாய். அவருக்கு நினைவிருப்பதை எல்லாம் கேட்டுக் குரல் பதிவாக அனுப்பு. எத்தனை கடை இருந்தது, கல் ஏற்றிய தொங்காங் படகு எங்கே வந்து நிற்கும், யார் எந்த மொழியில் பேசினார்கள், வெடி வைக்கும் முன் சங்கு ஊதினார்களா, எல்லாம் வேண்டும். அக்காவுக்கு எண்பது ஆகப்போகிறது, அதனால் தள்ளிப்போடாதே. அப்பாவின் பழைய பெட்டியில் புகைப்படங்கள் ஏதாவது இருந்தால் பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்.

ஜூன் மாதம் நீ வருகிற தேதியை முன்பே சொல். செக் ஜாவாவுக்குத் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும், அட்டவணை பார்த்து நான் நாள் குறிக்கிறேன். சைக்கிளுக்குப் பக்கத்துக் கடை அம்மாவிடம் சொல்லிவைத்துவிட்டேன்.

அன்புடன்,
கண்ணன்