குழந்தை நல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

மூச்சு இளைப்போடு வரும் குழந்தையைப் பார்த்துவிட்டு, "வீட்டில் பூஞ்சை இருக்கும், நன்றாகச் சுத்தம் செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அதைக் கேட்ட பெற்றோர் வீட்டுக்கு வந்து தரை, மெத்தை, பொம்மை என்று கண்ணில் பட்டதிலெல்லாம் கிருமிநாசினி அடிக்கிறோம். அந்த நெடியிலேயே பிள்ளைக்கு இருமல் கிளம்புகிறது. கைக்குழந்தைப் பருவத்தில் துப்புரவுப் பொருள்கள் அதிகம் புழங்கிய வீட்டுப் பிள்ளைகளிடம் 3 வயதில் இளைப்பும் ஆஸ்துமாவும் கூடுதலாக இருந்ததை, 2020-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்று காட்டியது.

ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும் பூஞ்சைதான். ஆனால் மலசீசியா போன்ற ஈஸ்டுகள் நம் தோலிலேயே குடியிருப்பவை. உதிரும் தோலோடு வீட்டுத் தூசியில் சேர்கின்றன. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ஆள் இருக்கும் வீட்டில் அவையும் இருக்கும். பாஸ்டனில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 13 வயது வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பிறந்த சில மாதங்களில் படுக்கையறைத் தூசியில் ஈஸ்ட் மிகுந்திருந்த பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவாகவே வந்தது. ஈஸ்ட்தான் அவர்களைக் காத்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சரி, ஈஸ்ட் எல்லாமே நல்லதா என்றால் அதுவும் இல்லை. 2016-இல் வந்த டெட்ராய்ட் ஆய்வில், பச்சிளங்குழந்தைகளின் குடலில் கேண்டிடா, ரோடோடொருலா ஈஸ்டுகள் மிகுந்திருந்த பிரிவினருக்குப் பிற்பாடு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. எந்த ஈஸ்ட், எங்கே, எந்த வயதில் என்பதைப் பொறுத்தே எல்லாம். இத்தனை சிக்கலான விஷயத்தை "பூஞ்சை" என்ற ஒற்றைப் பயமாக எங்கள் கையில் கொடுக்காதீர்கள்.

தயங்காமல் சொல்ல வேண்டியது ஓதத்தைப் பற்றி, அதாவது சுவரில் ஊறும் ஈரத்தைப் பற்றித்தான். ஈரக்கசிவும் பூசணமும் உள்ள வீடுகளில் இளைப்பும் ஆஸ்துமாவும் அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தன் வழிகாட்டுதலில் எழுதிவிட்டது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திப் பார்த்தால் தெரியும்: சுண்ணாம்பு பொரிந்து, கரும்புள்ளிகள் படர்ந்து, ஈரமண் வாசனை அடிக்கும். அதைத் துடைத்துவிட்டு மேலே பெயிண்ட் அடித்தால் மறுபடி வரத்தான் செய்யும். ஒழுகும் குழாயையும் விரிசலையும் அடைக்க வேண்டும். நனைந்த மெத்தை, விரிப்புகள் 48 மணி நேரத்துக்குள் காய்ந்தாக வேண்டும். அறைக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஆகவே, பிள்ளை எந்த அறையில் படுக்கிறது, அந்தச் சுவர் எப்படி இருக்கிறது என்று தயவுசெய்து கேளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். ஓதம் இருந்தால் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரிடம் காட்ட அந்த ஒரு வரி போதும். அப்புறம், சுவரைச் சரிசெய்தாலும் நீங்கள் சொல்லும்வரை இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இளைப்புள்ள பிள்ளையின் தாய்