வேலை கேட்கவில்லை, விவரம் கேட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாங்கூனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இன்னும் அது ரங்கூன்தான். வேலை போனவர்கள் அறிமுகங்களைப் பயன்படுத்தி அடுத்த வேலை தேடுவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இணையத்தில் படித்தேன். உறவினரிடமும் நெருங்கிய நண்பரிடமும் முதலில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். நான் அதைத்தான் செய்தேன். அதிலேயே எட்டு மாதம் போயிற்று.

எனக்கு வயது 52. லைங்தாயா தொழிற்பேட்டையில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் 17 வருடம் ஷிப்பிங் கிளார்க். சீனாவிலிருந்து துணி வரும், இங்கே தைப்போம், பெட்டி கட்டி அனுப்புவோம். தாள் வேலை முழுக்க என் மேசையில். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆர்டர் குறைந்துகொண்டே வந்து, மறு வருடம் தொடக்கத்தில் கதவை மூடிவிட்டார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. மூன்று வாரம் காலை ஏழு மணிக்கு டிபன் கேரியரோடு கிளம்பி மகாபந்துலா பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். மனைவி கண்டுபிடித்தது ஃபெரியை வைத்து. (இங்கே கம்பெனி ஆள் ஏற்றும் வண்டிக்கு ஃபெரி என்று பேர், படகு இல்லை.) தெருமுனையில் அது ஹாரன் அடிக்காமல் மூன்று வாரம் போனால் யாருக்குத்தான் தெரியாது? "எனக்கு முதல் நாளே தெரியும், நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள்.

அப்புறம் சொந்தபந்தம், கோயில் என்று ஒரு சுற்று. அனரட்டா சாலை காளி கோயிலில் என்னை எல்லோருக்கும் தெரியும். போய் நின்று, "ஒரு வேலை பார்த்துக் கொடுங்கண்ணே" என்றேன். ஒருவர் தேங்காய் மூடியைக் கையில் கொடுத்து அம்பாள் பார்த்துக்கொள்வாள் என்றார். இன்னொருவர் அடுத்த வாரத்திலிருந்து என்னைக் கண்டால் செருப்பை மாட்டக்கூட நேரமில்லாமல் நடந்தார். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. வேலை இல்லாதவனுக்கு இல்லை என்று சொல்வது யாருக்கும் சங்கடம்தான். இன்னொன்றும் உண்டு. என் சித்தப்பாவுக்குத் தெரிந்த இரும்புக்கடை, நகைக்கடை, பருப்புக்கடை எல்லாம் எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாத கடை எதுவும் எனக்கும் தெரியாது. ஒரே கிணற்றில் ஆளுக்கொரு வாளி விட்டுக்கொண்டிருந்தோம்.

இதை அமெரிக்காவில் ஒருவர் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார் என்று மகள் பிறகு படித்துச் சொன்னாள். கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், 1973 கட்டுரை. பாஸ்டன் பக்கத்தில் ஓர் ஊரில், அறிமுகம் வழியாக வேலை மாறியவர்களிடம், சேதி சொன்ன ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 100க்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் பாதிக்கு மேல்.

என் விஷயத்தில் அந்த எப்போதாவது பார்க்கிற ஆள், ஒரு கிளியரிங் ஏஜென்ட் (சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுப்பவர்) ஆபீஸ் குமாஸ்தா. பர்மியர். ஸயா என்று கூப்பிடுவேன், நம் 'சார்' மாதிரி; அவரும் என்னை அப்படியே. ஸ்ட்ராண்ட் சாலை சுங்க அலுவலகத்தில் தாள் வெளியே வரும்வரை பக்கத்து டீக்கடையில் குட்டை ஸ்டூலில் எதிரெதிரே உட்கார்ந்த பழக்கம், அவ்வளவுதான். அவர் வீடு எங்கே என்று எனக்கு இன்றும் தெரியாது. கால் பழகிய தோஷம், ஒரு நாள் காரணமில்லாமல் அந்தக் கடைக்குப் போனேன். ஏன் ஆளைக் காணோம் என்றார். உறவுக்காரர் இல்லை, கோயில்காரர் இல்லை, கூச்சம் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, வேலை இருக்கிறதா என்று கேட்கவில்லை. "இப்போது எந்தச் சரக்கு நகர்கிறது, ஸயா?" என்று கேட்டேன்.

மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. மேசையில் இருக்கும் ஓசி வெறுந்தேநீர் பிளாஸ்க் காலியாகும்வரை பேசினார். துணி படுத்துவிட்டது, உளுந்தும் துவரையும் ஓடுகிறது, பாதி உங்கள் சென்னைக்குத்தான் என்றார். ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் ஐந்து வருடத்துக்கு வாங்கிக்கொள்வதாக 2021இல் இந்தியா ஒப்பந்தம் போட்டிருந்தது. பருப்பு வியாபாரிகளுக்குச் சரக்கு தெரியும், தாள் தெரியாது, அங்கேதான் தடுமாறுகிறார்கள் என்றும் சொன்னார். பயின்னவுங் மொத்தச் சந்தையில் ஓர் ஆளின் நம்பர் கொடுத்தார்.

அங்கேயும் பத்து நிமிடம் பேச நேரம் கேட்டுத்தான் போனேன். ஆள் எடுக்கவில்லை என்று முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார். பரவாயில்லை, இந்தத் தொழிலில் தாள் எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தேன் என்றேன். மேசையில் ஒரு பில் ஆஃப் லேடிங்கும் (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு), பூச்சி கொல்லப் புகை போட்டதற்கான சான்றிதழும் கிடந்தன. ஒரே கன்டெய்னர், அதன் எண்ணில் ஒரு தாளில் 68, இன்னொன்றில் 86. சுட்டிக்காட்டினேன். இது அப்படியே போயிருந்தால் சரக்கு அந்தக் கரையில் முடங்கி, நாள் வாடகை ஏறும். மூன்றாம் வாரம் போன் வந்தது. நீங்கள் நாளைக்குத் தின்னப்போகும் இட்லியில் என் கையெழுத்தும் இருக்கலாம்.

அறிமுகம் என்றால் சிபாரிசு என்றே நம் ஆட்கள் நினைக்கிறோம். என் தாத்தா, கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி வந்து, இங்கே ஆற்றங்கரை அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். மேஸ்திரியைத் தெரிந்ததால் வேலை கிடைத்தது. மேஸ்திரியைத் தவிர ஒருவரையும் தெரியாததால் கடன் கடைசிவரை தீரவில்லை.

அந்த மேஸ்திரி இப்போது டெலிகிராமில் வருகிறார். அக்காள் மகனுக்கு 24 வயது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, அனுபவம் தேவையில்லை, டிக்கெட் இலவசம் என்று விளம்பரம் பார்த்துப் பெட்டி கட்டிவிட்டான். நான் தடுத்தால் கேட்கிற வயதா? ஸயாவிடம் சொன்னேன். அவர் தாய்லாந்து எல்லை ஊரான மே சோட் பாதையில் லாரி ஓட்டுகிற ஒருவரைப் பிடித்துப் போனில் கொடுத்தார். அந்த ஓட்டுநர் பையனிடம் கேட்டது ஒன்றுதான்: "ஆபீஸ் ஆற்றுக்கு எந்தக் கரையில்?" இவன் விளம்பரக்காரனிடம் அதையே கேட்டான். பதில் வரவில்லை, நம்பரும் மறைந்துவிட்டது. எல்லையில் ஓடும் மோய் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பர்மாவில், மியாவடி. அங்கே மதிலுக்குள் அடைத்து இணைய மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள். 2022இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கி மீட்கப்பட்டதை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மே சோட் லாரிக்காரர் ஒருவரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, பாவம்.

லிங்க்டின் பக்கத்தை அழகாக வைத்துக்கொள்ளவும் கட்டுரை சொல்கிறது. மகள் எனக்கும் ஒன்று திறந்து கொடுத்தாள். ஃபேஸ்புக்குக்கே தடையைத் தாண்ட விபிஎன் போட வேண்டிய ஊர் இது. மின்சாரம் இருக்கும் நேரத்தில் பார்க்கிறேன்.

ஸயாவை இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிறேன், டீ என் கணக்கு. போன வாரம் அவரே, "இப்போது எந்தச் சரக்கு நகர்கிறது?" என்று என்னிடம் கேட்டார். அவர் ஆபீசைச் சுருக்கப்போகிறார்களாம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், பயின்னவுங்கில் இரண்டு நம்பரும் கொடுத்தேன். ஸயாவுக்குச் சுங்கத்தில் 20 வருட அனுபவம், ஆங்கிலம் எழுதுவார், தமிழில் "பரவாயில்லை" மட்டும் தெரியும். அங்கே பருப்பு இறக்குமதி செய்பவர் யாருக்காவது யாங்கூன் பக்கம் தாள் பார்க்க ஆள் வேண்டுமென்றால் உங்கள் அலுவலகம் வழியாக எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
யாங்கூன் வாசகர் ஒருவர்